முகத்துத் தோல் புற்று: சீட்டில் எது இருக்க வேண்டும்?

முகத்தில் வந்த தோல் புற்றைத் தொடக்கத்திலேயே எடுத்தாயிற்று, ஆனால் அதன் காகிதங்களில்தான் மாட்டிக்கொண்டோம் என்று நீலகிரியிலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மருத்துவ கோடிங் (நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடு எண்ணைப் போடும்) வேலை பார்ப்பவர்கள், செவிலியர், நோயாளியின் வீட்டார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். கோடிங்கும் பேத்தாலஜியும் (திசுப் பரிசோதனை) காப்பீடும் தெரிந்த எங்கள் குழுவினர் பதில் சொல்கிறார்கள்.

குன்னூரில் வீட்டிலிருந்தே அமெரிக்கத் தோல் மருத்துவ (டெர்மட்டாலஜி) சார்ட்டுகளுக்குக் கோடிங் செய்கிறேன். ‘இடது மூக்கு மடலில் ஆரம்ப நிலை பேசல் செல் கார்சினோமா, 3 மிமீ, சுற்றிலும் 4 மிமீ விட்டு வெட்டி எடுக்கப்பட்டது’ என்று ஒரு சார்ட் வந்தது. ஆரம்ப நிலைதானே என்று டி04.39 போட்டேன். அறுவைக்கு 11640. இரண்டும் தவறு என்று ஆடிட்டில் வந்துவிட்டது. எங்கே பிசகினேன்? — வாசகி, குன்னூர்

முதலில் நோய்க்கான கோடைப் பார்ப்போம். ‘ஆரம்ப நிலை’ என்ற சொல்லுக்கு, அமெரிக்காவின் நோய்க்கோடுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் இடமே கிடையாது. புற்று தோலின் மேலடுக்குக்குள்ளேயே நிற்கிறதா, அடியில் இறங்கிவிட்டதா என்பதை மட்டும்தான் அந்தக் கோடு பிரிக்கிறது. மேலடுக்கோடு நின்றால் இன் சிட்டு. அது டி04, மெலனோமாவாக (நிறமி செல்களில் வரும் புற்று) இருந்தால் டி03. இறங்கிவிட்டால் சி44, மெலனோமாவாக இருந்தால் சி43. இறங்கியது அரை மில்லிமீட்டரா அரை சென்டிமீட்டரா என்று கோடு கேட்பதில்லை. அந்தக் கணக்கு, ஏஜேசிசி என்ற அமெரிக்கப் புற்றுநோய்க் குழு வகுத்த நிலை வகைப்பாட்டில் வரும். அதன் 8-ஆம் பதிப்பில், தலை, கழுத்துப் பகுதித் தோலில் வரும் ஸ்குவாமஸ் செல் (மேலடுக்கின் தட்டைச் செல்) கட்டி 2 செமீக்குக் குறைவாக இருந்து, ஆழம், நரம்பு, எலும்பு எதையும் தொடாமல் இருந்தால் டி1 (ஆங்கிலத்தில் T1; நோய்க்கோட்டில் வரும் D அல்ல). கேன்சர் பதிவேட்டுக்கு அது வேண்டும். உங்கள் கிளைமில் அது போய் உட்காராது.

மேலடுக்கின் அடிவரிசைச் செல்களின் புற்றான பேசல் செல்லுக்கு இன் சிட்டு என்ற வகையே வழக்கத்தில் இல்லை. ‘சூப்பர்ஃபிஷியல் பேசல் செல் கார்சினோமா’ என்று பேத்தாலஜி ரிப்போர்ட் வந்தாலும் அது சி44தான். ‘மேலோட்டமான’ என்று பொருள்படும் இந்த ‘சூப்பர்ஃபிஷியல்’ என்ற சொல்லைப் பார்த்து டி04க்குப் போய்விடுபவர்கள் அதிகம். உங்களை இழுத்தது ‘ஆரம்ப நிலை’. விளைவு ஒன்றுதான்.

முகத்துக்கு உள்ளே பிரிவு இப்படிப் போகிறது. பேசல் செல் என்றால் சி44.31, அதில் மூக்குக்கு சி44.311, கன்னம், நெற்றி, மோவாய் முதலிய மற்ற இடங்களுக்கு சி44.319, இடமே எழுதவில்லை என்றால் சி44.310. ஸ்குவாமஸ் என்றால் சி44.32, அதே வரிசையில் 321, 329, 320. செல் வகை தெரியாதபோதுதான் சி44.30. ஆக உங்கள் சார்ட்டுக்கு சி44.311. மூக்குக்கு இடம் வலம் இல்லை, ஆனால் காதுக்கு உண்டு: பேசல் செல்லில் வலக்காது சி44.212, இடக்காது சி44.219. இன்னொரு கண்ணி இருக்கிறது. கட்டி மூக்குத் துவாரத்துக்குள், வெஸ்டிபியூலில் இருந்தால் அது தோல் புற்றின் அத்தியாயத்திலேயே வராது, சி30.0க்குப் போய்விடும். ‘மூக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தால் வெளியிலா உள்ளேயா என்று டாக்டருக்குக் குவெரி அனுப்புங்கள்.

அடுத்து அறுவை. முகம், காது, இமை, மூக்கு, உதடு ஆகிய இடங்களில் புற்றை வெட்டி எடுப்பதற்கு, அமெரிக்காவின் சிகிச்சைக் கோடுப் பட்டியலான சிபிடியில் 11640 முதல் 11646 வரை. 0.5 செமீ வரை 11640; 0.6 முதல் 1.0 வரை 11641, 1.1 முதல் 2.0 வரை 11642, 2.1 முதல் 3.0 வரை 11643, 3.1 முதல் 4.0 வரை 11644. அதற்கு மேல் 11646. 11645 என்று ஒன்று கிடையாது. கட்டியின் அளவை மட்டும் பார்த்தீர்கள், தவறு அங்கேதான். கட்டியின் அதிகபட்ச விட்டத்தோடு, அதை முழுதாக எடுக்கத் தேவைப்பட்ட குறுகிய விளிம்பை இரண்டு பக்கமும் கூட்ட வேண்டும். 3 + 4 + 4 = 11 மிமீ, அதாவது 1.1 செமீ. கோடு 11642. நீங்கள் போட்டதைவிட இரண்டு படி மேலே.

பேத்தாலஜி ரிப்போர்ட்டில் அதே துண்டு 9 மிமீ என்று இருக்கலாம். வெட்டியதுமே தோல் சுருங்கும், ஃபார்மலினில் இன்னும் சுருங்கும். அந்த 9 மிமீயை எடுத்தால் 11641 ஆகிவிடும். அறுவைக் குறிப்பில் அளவு இருக்கும்போது ரிப்போர்ட் அளவைத் தொடவே கூடாது. குறிப்பில் அளவே இல்லை என்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். பதில் கிடைக்க வழியே இல்லாதபோதுதான் ரிப்போர்ட் அளவு.

சாதாரணத் தையல் இந்தக் கோடுக்குள்ளேயே அடங்கும். அடுக்கடுக்காகப் போட்ட தையலுக்கு 12051 தொடங்கித் தனி வரிசை இருக்கிறது. பக்கத்துத் தோலைத் திருப்பி மூடினால், மூக்குக்கு 10 சதுர செமீ வரை 14060. அதைப் போட்டால் வெட்டி எடுத்ததற்குத் தனியாக 1164 வரிசையில் எதுவும் போடக் கூடாது. இதில் இரட்டிப்பாகப் பில் போட்டு டினயல் (நிராகரிப்பு) வாங்குவது அடிக்கடி நடக்கிறது.

நமக்கெல்லாம் கருத்த தோல், தோல் புற்று வெள்ளைக்காரர்களுக்குத்தானே வரும்? அதுவும் ஊட்டிக் குளிரில்? என் அம்மாவின் கன்னத்தில் இருக்கும் கரு மருவைப் பார்த்து டாக்டர் ஒரு கேள்விக்குறியோடு கேன்சர் என்று எழுதியிருக்கிறார். வீடே கலங்கிக் கிடக்கிறது. — வாசகர், கூடலூர்

கருத்த தோலில் குறைவாக வரும், வராமல் இருக்காது. நம் தோலில் பேசல் செல் கட்டி பெரும்பாலும் கறுப்பு நிறத்தோடுதான் வரும்; அதனால்தான் மரு, மச்சம் என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். குளிருக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஊட்டி இருப்பது சுமார் 2240 மீட்டரில். மெல்லிய மேகம் அதைத் தடுத்துவிடாது. உடம்பில் வெயில் உறைக்காததால் தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் நாள் முழுக்க முகத்தை மூடாமல் நிற்கிறோம். அகலமான விளிம்புள்ள தொப்பியோ, முகத்துக்கு நிழல் தரும்படி இழுத்துவிட்ட முண்டாசோ பனிக்காலத்திலும் வேண்டும்.

அந்தக் கேள்விக்குறியைக் கண்டு கலங்காதீர்கள். டாக்டர் அதை எழுதியது சரிதான். ‘இது இருக்கலாம், பயாப்ஸி பார்க்க வேண்டும்’ என்பது மட்டுமே அதன் அர்த்தம். அந்த நிலையில் அம்மாவின் பதிவில் ‘கேன்சர்’ என்று யாரும் கோடு போடக் கூடாது. புறநோயாளிப் பதிவில் ‘சந்தேகம்’, ‘இருக்கலாம்’, ‘விலக்க வேண்டும்’ என்று எழுதியதைப் புற்றாகக் கோடு செய்வதை ஐசிடி-10-சிஎம் விதிகளே தடுக்கின்றன. பயாப்ஸி முடிவு வரும்வரை டி49.2, அதாவது தன்மை தெரியாத தோல் கட்டி. டி48.5 என்று ஒன்று உண்டு. திசுவைப் பார்த்த பிறகும் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியவில்லை என்று பேத்தாலஜிஸ்ட்டே எழுதினால்தான் அதைப் போடலாம். ரிப்போர்ட் வராததற்கு டி48.5 போடுவது அமெரிக்க சார்ட்டுகளிலும் நடக்கிற பிழை. கோடிங் செய்பவர்கள் கவனிக்கவும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நான்கு வாரம் ஆகியும் ஆறாத புண், முகம் கழுவும்போது லேசாகக் கசியும் ரத்தம், பளபளப்பான உயர்ந்த விளிம்பு, நடுவில் குழி: இவற்றில் எது இருந்தாலும் இந்த மாதமே பயாப்ஸிக்குப் போங்கள். பழைய தீக்காயத் தழும்பில் புதிதாகப் புண் வந்தாலும் அப்படியே.

ஊட்டியில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் செவிலியராக இருக்கிறேன். முகத்தில் எடுக்கும் துண்டுகளைக் கோவை லேபுக்கு அனுப்புகிறோம். ‘இடம் குறிப்பிடப்படவில்லை’, ‘விளிம்பை மதிப்பிட இயலவில்லை’ என்று ரிப்போர்ட் திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் பக்கம் என்ன செய்ய வேண்டும்? — வாசகி, ஊட்டி

இந்தத் தொகுப்பிலேயே நாங்கள் மிகவும் மதிக்கும் கேள்வி இதுதான். பின்னால் வரும் கோடு, காப்பீடு, அடுத்த அறுவை எல்லாமே உங்கள் மேசையில் எழுதுகிற அந்த அரைப் பக்கத்தில்தான் தொடங்குகின்றன.

கத்தி வைப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டால் இடம் உப்பிவிடும், விளிம்பு மங்கிவிடும். ஊசிக்கு முன்னால் ஸ்கின் மார்க்கரால் கட்டியின் ஓரத்தைக் கோடிட்டு, மில்லிமீட்டர் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். முழு முகமும் தெரிகிற மாதிரி ஒன்று, கிட்டத்தில் ஒன்று. பிறகு அசையாத இரண்டு அடையாளங்களிலிருந்து தூரம் எழுதுங்கள்: ‘வலது கண்ணின் வெளிமூலையிலிருந்து கீழே 22 மிமீ, காதின் முன் மேட்டிலிருந்து முன்னே 41 மிமீ’ என்பது போல. இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், முகத்தில் எடுத்த சிறு பயாப்ஸி மூன்று நான்கு வாரத்தில் ஆறி, தழும்பே தெரியாமல் போய்விடும். ரிப்போர்ட் கேன்சர் என்று வந்து, நோயாளி கோவையில் வேறு சர்ஜனிடம் போய் உட்காரும்போது, எந்த இடம் என்று நோயாளிக்கே தெரியாது. முகத்தில் வேறு இரண்டு மருக்களும் இருந்தால் தவறான இடத்தை வெட்டுவது உண்மையாகவே நடக்கும். படமும் இரண்டு தூர அளவும் இருந்தால் நடக்காது.

துண்டை எடுக்கும்போது ஃபோர்செப்ஸால் நடுவில் நசுக்க வேண்டாம். ஓரத்து மேல்தோலை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். நசுங்கிய செல்களைப் படிக்க முடியாது. காட்டரியால் (மின்சூட்டால் வெட்டும் கருவி) வெட்டினால் ஓரம் கருகிவிடும். ‘விளிம்பை மதிப்பிட இயலவில்லை’ என்பதற்குப் பாதிக் காரணம் அந்தக் கருகல், மீதி திசை தெரியாமை. முழுக் கட்டியையும் வெட்டி எடுக்கும்போது, துண்டின் தலைப் பக்கத்து ஓரத்தில் ஒரு தையல் போட்டு, படிவத்தில் ‘தையல் 12 மணி, தலைப் பக்கம்’ என்று எழுதுங்கள். தையல் இருந்து படிவத்தில் வரி இல்லையென்றால் லேபுக்கு அது வெறும் நூல்தான்.

பாட்டிலில் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், துண்டின் கன அளவைப்போல் பத்து மடங்காவது. அவசரத்துக்கு சலைனில் போட்டு அனுப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போய்ச் சேருவதற்குள் திசு கெடத் தொடங்கிவிடும். ஸ்பிரிட்டில் போட்டால் சுருங்கி விறைத்துப்போகும். ஃபார்மலின் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். உறைபனி இறங்கும் டிசம்பர், ஜனவரியில் ராத்திரி வண்டியிலேயே விட்டுவைக்கவும் வேண்டாம். அறை வெப்பத்தில் வைத்து மறுநாள் அனுப்பினாலும் கெடுதல் இல்லை.

லேபிள் பாட்டிலின் உடம்பில்தான் ஒட்ட வேண்டும். மூடியில் ஒட்டினால், லேபில் ஒரே நேரத்தில் நாலு மூடி திறக்கும்போது யாருடையது எது என்று போய்விடும். பெயர், வயது அல்லது பதிவெண், இடம் வலத்தோடு உடல் பாகம், எடுத்த தேதி, நேரம். ஜெல் பேனா ஃபார்மலின் பட்டால் கரையும், பென்சிலில் எழுதுங்கள். இரண்டு இடத்தில் எடுத்தால் இரண்டு பாட்டில், அ, ஆ என்று குறித்து, படிவத்திலும் அதே எழுத்து. பாட்டில் ஜிப் பையில், படிவம் அந்தப் பையின் வெளி உறையில். கசிந்து நனைந்த படிவம்தான் ‘இடம் குறிப்பிடப்படவில்லை’க்கு இன்னொரு காரணம்.

படிவத்தில் ‘முகத்தில் கட்டி’ என்று விடாமல், எத்தனை மாதமாக, எவ்வளவு பெரிது, நிறம் என்ன, முன்பு அதே இடத்தில் எதுவும் எடுத்ததா, சுட்டதா, டாக்டர் எதைச் சந்தேகிக்கிறார், இது துளி எடுத்துப் பார்ப்பதா, முழுவதும் எடுத்ததா என்று எழுதுங்கள். எடுத்த விதமும் வேண்டும். மேலோட்டமாகச் சீவியதா, பஞ்ச் என்னும் வட்டக் கத்தி வைத்ததா, கத்தியால் ஆழமாக எடுத்ததா என்பதை வைத்துத்தான் அமெரிக்கக் கணக்கில் 2019 ஜனவரி 1 முதல் பயாப்ஸி கோடு மாறுகிறது: 11102, 11104, 11106. நம் ஊரில் அந்தக் கோடு வேண்டாம், ஆனால் பேத்தாலஜிஸ்ட்டுக்கு அந்தத் தகவல் வேண்டும். சீவி எடுத்த துண்டில் ஆழம் சொல்ல முடியாது.

என் அப்பாவுக்குக் கன்னத்தில் பேசல் செல் கார்சினோமா. எடுத்துவிட்டு, பக்கத்துத் தோலைத் திருப்பி மூடினார்கள். கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி ‘வரம்புக்குள் இல்லை’ என்று நிராகரித்தது. மெடிகிளைமும் ‘அழகு சிகிச்சை’ என்று கைவிரித்துவிட்டது. இரண்டு பக்கமும் போராடலாமா? — வாசகர், கோத்தகிரி

ஒரு பக்கம் போராடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

கடும் நோய் வந்தால் ஒரு தொகை தரும் கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசிகளில் ‘புற்றுநோய்’ என்பதற்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது வரையறைதான் இருக்கும். இன் சிட்டு நிலை, நிணநீர்க் கணுவுக்கோ அப்பாலோ பரவாத மெலனோமா அல்லாத தோல் புற்று, மேல்தோலைத் தாண்டாத மெலனோமா ஆகியவற்றை அது வெளிப்படையாகவே விலக்குகிறது. அப்பாவுக்குப் பரவவில்லை, அது பெரிய நல்ல சேதி. பாலிசிப்படி பணம் வராது. அதற்காக அலையும் நேரத்தை மெடிகிளைம் பக்கம் திருப்புங்கள்.

மெடிகிளைம் நிராகரிப்பு சரியில்லை. அழகு மற்றும் பிளாஸ்டிக் சர்ஜரி விலக்கு என்பது எல்லாப் பாலிசியிலும் எக்ஸ்சிஎல்08 என்ற எண்ணில் இருக்கும். விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்பு இந்த விலக்கில் வராது என்று அதே பத்தியிலேயே எழுதியிருக்கிறது. அப்படியானால் ஏன் நிராகரித்தார்கள்? டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். ‘கன்னத்துக் கட்டி, வெட்டி எடுத்து லோக்கல் ஃபிளாப் போடப்பட்டது’ என்று மட்டும் இருந்தால், டிபிஏவில் (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளைமைப் பரிசீலிக்கும் அமைப்பு) உட்கார்ந்திருப்பவருக்குப் புற்று என்ற சொல்லே கண்ணில் படாது. பயாப்ஸி ரிப்போர்ட் டிஸ்சார்ஜுக்குப் பிறகு வந்து, சம்மரியைத் திருத்தாமல் விட்டிருப்பார்கள்.

மருத்துவமனையில் திருத்திய சம்மரி கேளுங்கள். அதில் இந்த வரிகள் இருக்க வேண்டும்: ‘இடது கன்னம், பேசல் செல் கார்சினோமா, திசுப் பரிசோதனையில் உறுதி, பரிசோதனை எண், தேதி. கட்டி இத்தனை மிமீ, இத்தனை மிமீ விளிம்போடு எடுக்கப்பட்டது. உண்டான குழியை நேராகத் தைத்தால் இமை கீழே இழுபடும் என்பதால் ஃபிளாப் மருத்துவத் தேவை.’ அந்தக் கடைசி வாக்கியம்தான் உங்கள் வழக்கு. அதற்கான காரணத்தை அப்பாவின் முகத்தில் உண்மையில் இருந்தபடி டாக்டரே எழுதி, கையெழுத்திட வேண்டும். நம் மருத்துவமனைகள் போடும் ஐசிடி-10 கோடு சி44.3 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். டி22, டி23 என்று மச்சம், சாதுக் கட்டிக்கான கோடு விழுந்திருந்தால் அதுவே நிராகரிப்பை இழுத்து வந்திருக்கும்.

சேர்க்கையும் கவனியுங்கள். டே கேர் (ஒரே நாளில் முடியும் சிகிச்சை) என்று பதிவாகி இருந்தால் 24 மணி நேரம் தங்கவில்லை என்பதற்காகத் தள்ள முடியாது. ஆனால் ஓபியில் உட்காரவைத்து எடுத்து அனுப்பியதை டே கேர் என்று பிறகு மாற்றி எழுதக் கேட்காதீர்கள், அது பொய்ப் பதிவு.

திருத்திய சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், அறுவைக் குறிப்பு, அறுவைக்கு முந்தைய படம், எக்ஸ்சிஎல்08 பத்தியின் நகல் எல்லாவற்றையும் சேர்த்து, நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ திருப்தியில்லையென்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறது. முதலில் அறுவையை முடித்துவிட்டுப் பிறகு அட்டையைக் காட்டலாமா? — வாசகர், பந்தலூர்

கூடாது. அந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, அறுவைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். முகத்துத் தோல் புற்று அவசர அறுவை இல்லை, சில நாள் காத்திருக்கலாம். பயாப்ஸி ரிப்போர்ட்டும் படமும் கையில் இருந்தால் அனுமதி தடங்காது.

‘மறு அறுவையில் புற்று எதுவும் மிச்சமில்லை’ என்று ரிப்போர்ட். நோயாளிக்குக் கேன்சர் இல்லையே, ‘முன்பு தோல் புற்று இருந்தது’ என்னும் இசட்85.828 போடலாமா? — வாசகர், வெலிங்டன்

போடாதீர்கள். அந்த அறுவை எதற்காக நடந்தது? முதல் வெட்டில் விளிம்பில் புற்று இருந்ததற்காக. ஆகவே மறு அறுவைக்கும் அதே சி44 கோடு, அதே 1164 வரிசை. முதல் அறுவைக்குப் பின்னான 10 நாள் கால எல்லைக்குள் திட்டமிட்டுச் செய்திருந்தால் மாடிஃபையர் 58 (திட்டமிட்ட அடுத்த கட்ட அறுவை என்று காட்டும் இணைப்பு எண்) சேருங்கள். முதல் அறுவை நடக்கும்போதே, துண்டை உறையவைத்து உடனே சோதிக்கும் ஃப்ரோசன் செக்‌ஷன் பார்த்து இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள் என்றால் இரண்டு கோடு கிடையாது. கடைசியாக எடுத்த மொத்த அகலத்துக்கு ஒரே கோடு.

சிகிச்சை முழுதாக முடிந்து, புற்றுக்காக எதுவும் பாக்கி இல்லை என்றான பிறகு வரும் பரிசோதனைக்குத்தான் இசட்08உம் இசட்85.828உம். மெலனோமாவாக இருந்தது என்றால் இசட்85.820. இன் சிட்டாக இருந்து எடுக்கப்பட்டதென்றால் இசட்86.007, இன் சிட்டு மெலனோமாவுக்கு இசட்86.006. ஐந்து வருடம் முன்பு எடுத்த மூக்குக் கட்டிக்கு இன்னும் சி44.311 ஓடிக்கொண்டிருக்கும் சார்ட்டுகள் ஏராளம். பழைய விசிட்டிலிருந்து அப்படியே நகலெடுப்பதால் வருவது அது.

மோஸ் அறுவை என்று சார்ட்டில் இருக்கிறது. வெட்டியவர் ஒருவர், ஸ்லைடு பார்த்தவர் வேறொருவர். 17311 சரியா? — வாசகி, அருவங்காடு

சரியில்லை. மோஸ் என்பது அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொரு அடுக்கையும் உடனே ஸ்லைடில் பார்க்கும் அறுவை. வெட்டுபவரும் ஸ்லைடைப் படிப்பவரும் ஒரே டாக்டராக இருந்தால்தான் அதற்கான 17311, 17312. வேறொருவர் படித்தால் சர்ஜனுக்கு 1164 வரிசை. பேத்தாலஜிஸ்ட் ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு 88331 என்று தனியாகப் போட்டுக்கொள்வார்.

மருத்துவ கோடிங்குக்கான சிபிசி தேர்வுக்குப் படிக்கிறேன். உதடும் இமையும் எப்போதும் குழப்புகின்றன. — வாசகி, மஞ்சூர்

உதட்டில் மீசை, மோவாய்ப் பக்கத்துத் தோல் என்றால் சி44.0: பேசல் செல் சி44.01, ஸ்குவாமஸ் சி44.02. உதட்டின் சிவந்த பகுதி, அதாவது வெர்மிலியன் என்றால் தோல் அத்தியாயமே இல்லை. வெளிக் கீழுதடு சி00.1. கீழுதட்டின் சிவந்த பகுதியில் வருவது பெரும்பாலும் ஸ்குவாமஸ்தான், அது தோலில் வருவதைவிடப் பரவும் வாய்ப்பு அதிகம் உள்ள நோய். இரண்டையும் மாற்றிப் போட்டால் மார்க் போவது மட்டுமில்லை, பதிவேட்டில் ஒரு நோய் வேறொரு நோயாகிவிடும்.

இமைக்கு 2018 அக்டோபர் 1 முதல் மேல் இமை, கீழ் இமை என்று ஏழாவது இடம்வரை கேட்கிறார்கள். பேசல் செல்லில் வலது மேல் சி44.1121, வலது கீழ் சி44.1122, இடது மேல் சி44.1191, இடது கீழ் சி44.1192. ‘உள்மூலை’ என்று மட்டும் சார்ட்டில் இருந்தால் நீங்களாக ஊகிக்காதீர்கள், மேலா கீழா என்று கேளுங்கள்.

போவன் நோய் (இன் சிட்டு ஸ்குவாமஸ்) என்றால் டி04. லென்டிகோ மேலிக்னா (இன் சிட்டு மெலனோமாவில் ஒரு வகை) என்றால் டி03, அதன் பின்னால் ‘மெலனோமா’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டால் சி43. வெயிலால் வரும் சொரசொரப்புத் திட்டான ஆக்டினிக் கெரட்டோசிஸ் புற்றே இல்லை, எல்57.0. மூக்குக்கு சி44இல் தனி இலக்கம் உண்டு, டி04இல் கிடையாது. மூக்கில் வந்த இன் சிட்டு ஸ்குவாமஸ் டி04.39இல்தான் போகும்.

சிகிச்சை பார்த்த மருத்துவமனை காகிதம் தர இழுத்தடிக்கிறது. வேறு டாக்டரிடம் காட்ட என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்? — வாசகர், கேத்தி

எழுத்தில் கேளுங்கள், தேதியோடு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவை மூன்று ஆண்டாவது வைத்திருக்கவும் வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அறுவைக் குறிப்பு, கையெழுத்திட்ட முழு பேத்தாலஜி ரிப்போர்ட், அறுவைக்கு முந்தைய படம் மூன்றையும் கேளுங்கள். ரிப்போர்ட்டில் செல் வகை, அதன் உட்பிரிவு, ஆழம், நரம்பைச் சுற்றிப் புற்று இருக்கிறதா, ஒவ்வொரு விளிம்பிலும் எவ்வளவு தூரம் என்பது இருக்கிறதா என்று பாருங்கள். ‘விளிம்புகள் சரி’ என்று ஒற்றை வரி இருந்தால் மில்லிமீட்டரில் கேளுங்கள். மூக்கு, இமை, உதடு, காது, காதோரம், நெற்றிப் பொட்டு ஆகியவற்றில் வந்த கட்டி சிறிதாக இருந்தாலும் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அந்த எண் புதிய டாக்டருக்குக் கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது கருத்து கேட்பதாக இருந்தால் ஸ்லைடோடு பாரஃபின் பிளாக்கையும் (திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) லேபில் கேட்டு வாங்குங்கள். பிளாக் இருந்தால்தான் புதிதாக ஸ்லைடு வெட்டிப் பார்க்க முடியும். சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து, வெயில் படாமல் எடுத்துப் போங்கள். காரின் முன் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் சமவெளி இறங்கியதும் மெழுகு இளகிவிடும்.